தரம் பாறைக்கு, ஏறுபவருக்கு அல்ல

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"விளையாட்டும் கற்றலும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் உடற்கல்வி ஆசிரியர் அல்ல. அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். பள்ளி நாட்களில் கபடி அணியில் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்ததுதான் என் விளையாட்டு அனுபவம். ஆனாலும் 41ஆவது வயதில், ஒரு கோடை விடுமுறையில், ஐந்து நாள் பாறையேற்றப் பயிற்சிக்குப் போனேன். இடம், கர்நாடகத்தில் ராமநகரம். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. 'ஷோலே' படம் எடுத்த கருங்கல் குன்றுகள் என்றால் பலருக்கும் தெரியும்.

போவதற்கு முன் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் அழுத்தம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 200 நியூட்டன் விசை 4 சதுர மீட்டர் பரப்பில் செயல்பட்டால் அழுத்தம் எவ்வளவு? ஒரு மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். விசை வகுத்தல் பரப்பு என்று சரியாக எழுதினான். 200க்குக் கீழே 4 என்றும் எழுதினான். அதற்குமேல் சாக்பீஸ் நகரவில்லை. நானும் விடவில்லை. "இதுகூடத் தெரியாம எட்டாவது வரைக்கும் எப்படிடா வந்த?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இனி ராமநகரத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் யாரையும் பாறையில் ஏற்றவில்லை. காலை முழுவதும் முடிச்சுகள்தான். எட்டு போன்ற வடிவில் வரும் முடிச்சை ஒருவர் போட, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இடுப்பில் கட்டும் ஹார்னெஸ், தலைக்கவசம், காரபைனர் என்ற உலோக வளையம், அதன் பூட்டு என ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருபது வருடம் ஏறியவரும் இந்தச் சரிபார்ப்பைச் செய்த பிறகுதான் ஏறுவார் என்றார் பயிற்றுநர். மாலையில் சாய்வான பாறை மேல் கையை ஊன்றாமல் நடந்து பழகினோம்.

இரண்டாம் நாள் ஆள் உயரப் பாறைகள். கயிறு இல்லை. கீழே ஒருவர் கைகளை விரித்து நிற்பார். அங்கேதான் பாறையேற்றத்தின் அடிப்படை விதியைச் சொல்லித் தந்தார்கள். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பாறையில் உறுதியாக இருக்க வேண்டும், ஒன்றுதான் நகர வேண்டும். கையால் உடலை இழுத்தால் சீக்கிரம் களைத்துவிடுவோம். காலால் எழ வேண்டும். அன்று மாலை இன்னொரு பயிற்சியும் இருந்தது. இடுப்பில் கயிறு கட்டி, நான்கடி உயரத்தில் நின்று, கைகளை விட்டுவிட்டுக் கயிற்றில் உட்கார வேண்டும். அதாவது, விழப் பழக வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பத்துத் தடவை விழுந்தார்கள். நான் ஒரே ஒரு தடவை விழுந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அங்கே வயதில் மூத்தவன் நான்தான். வெட்கமாக இருந்தது. பயிற்றுநரும் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் சுமார் நாற்பதடி உயரமுள்ள சாய்பாறை. கயிறு மேலே ஒரு நங்கூரத்தின் வழியாகச் சென்று கீழே இறங்குகிறது. ஒரு முனை ஏறுபவர் இடுப்பில், மறுமுனை தரையில் நிற்கும் துணைவர் கையில். அந்தத் துணைவர் செய்யும் வேலைக்கு 'பிலே' என்று பெயர். ஏற ஏற அவர் கயிற்றின் தொய்வை எடுத்துக்கொண்டே இருப்பார். கால் தவறினால் கயிறு அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

இருபதடி வரை ஏறினேன். பிறகு கீழே பார்த்தேன். வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. தையல் மிஷின் மிதிப்பது போல நிற்காமல் ஆடியது. பயத்தில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்துகிறவன் நான். பாறையோடு உடம்பு ஒட்டிக்கொண்டால் பாதம் பாறையை அழுத்தும் விசை குறையும், அது குறைந்தால் உராய்வும் குறையும், கால் வழுக்கும். நிமிர்ந்து நின்று, குதிகாலைத் தாழ்த்தி, எடையைப் பாதத்தில் வைத்தால் நிற்கலாம். எல்லாம் தெரியும். தெரிந்த ஒன்றும் அந்த நேரத்தில் காலுக்குப் போய்ச் சேரவில்லை.

பயிற்றுநருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கீழேயிருந்து, "சார், கயிறு உங்களைப் பிடிச்சிருக்கு. கையை விட்டுட்டு உட்காருங்க" என்றார். என்னால் முடியவில்லை. "இவ்வளவு படிச்சிருக்கீங்க, இதுகூட முடியலையா" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி சார், இன்னைக்கு இது போதும், மெதுவா இறக்குறேன்" என்றார். கீழே வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "நேத்து எத்தனை தடவை விழுந்தீங்க?"

ஒரு தடவை என்றேன். மறுபடியும் அந்த நான்கடிப் பாறைக்கே அழைத்துப் போனார். விழச் சொன்னார். பிறகு ஆறடி, பிறகு எட்டடி. பத்துப் பன்னிரண்டு தடவை விழுந்த பிறகுதான், கயிறு தாங்கும் என்பதை என் உடம்பு நம்பியது. ஏறும் கயிறு சற்று இழுபடும் தன்மை கொண்டது. கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறோமே, அதே தத்துவம்தான். நிற்கும் நேரம் கூடினால் தாக்கும் விசை குறையும். இதையும் நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நம்பியது அன்றுதான்.

அன்று இரவு கூடாரத்தில் தூக்கம் வரவில்லை. என் சிக்கல் நாற்பதடியில் இல்லை, நான்கடியில் இருந்தது. நடுவில் ஒரு படியைத் தாண்டி வந்திருந்தேன். பயிற்றுநர் அந்தப் படியைத் தேடிக் கண்டுபிடித்து, யார் முன்னாலும் சொல்லிக்காட்டாமல் என்னைத் திரும்ப அங்கே நிறுத்தினார். கரும்பலகை முன் நின்ற அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். அவன் தாண்டி வந்த படி எது என்று நான் கேட்கவே இல்லை.

நண்பர்களே, பாறையேற்றமும் மலையேற்றமும் தொடக்கத்திலிருந்தே படிநிலைகளாகக் கற்பிக்கப்படும் கலைகள். டென்சிங்கும் ஹிலாரியும் 1953 மே 29 அன்று எவரெஸ்ட் ஏறினார்கள். மறு ஆண்டு நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. களப் பயிற்சியின் முதல் இயக்குநர் டென்சிங்தான். 1965இல் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் வந்தது. இந்த நிறுவனங்களில் அடிப்படைப் பயிற்சியில் 'ஏ' தரம் பெற்றவர்தான் மேல்நிலைப் பயிற்சிக்குப் போகலாம். அதன்பிறகு, மற்றவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு. நன்றாக ஏறத் தெரிந்தவருக்கு நன்றாகக் கற்பிக்கத் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொள்வதில்லை.

1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் நம் இனம். எம்.ஏ., பி.எட். படித்தவர். பி.எட். முடித்தபின் உத்தரகாசி நிறுவனத்தில் சேர்ந்து படிப்படியாகப் பயின்றார். 1982இல் பயிற்சியின்போதே 6,672 மீட்டர் உயரமுள்ள கங்கோத்ரி சிகரத்தில் ஏறினார். எவரெஸ்ட் அதற்குப் பிறகுதான்.

பாறையேற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. உலகமெங்கும் ஏறும் பாதைகளுக்குக் கடின அளவு குறிப்பார்கள். பிரெஞ்சு முறையில் எண்ணும் எழுத்துமாக அது ஏறிக்கொண்டே போகும். செக் நாட்டு வீரர் ஆடம் ஓந்த்ரா 2017இல் நார்வேயில் 'சைலன்ஸ்' என்ற பாதையில் ஏறி, அதற்கு 9சி என்று தரம் கொடுத்தார். அதுவரை யாரும் அந்தத் தரத்தைக் கொடுத்ததில்லை. இங்கே கவனியுங்கள். தரம் பாறைக்குத்தான், ஏறுபவருக்கு அல்ல. ஒருவர் இன்று ஒரு பாதையில் தடுமாறலாம், அடுத்த மாதம் அதில் ஏறலாம். பாதையின் தரம் மாறாது, மனிதர் மாறுவார்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் பெயர்கள் செய்ய வேண்டிய செயலுக்கான நிலைகள். நாமோ பேச்சுவாக்கில், "அவன் அரும்புதான் சார்" என்று பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம். உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்கு அந்த மூன்று பெயர்களும் கிடையாது. அதனால் "ஸ்லோ லேர்னர்" என்று ஒரே பெயராக வைத்துவிடுகிறோம்.

இன்னொன்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2024 பாரிசில் வேக ஏற்றம் தனிப் போட்டியானது. 15 மீட்டர் சுவர், இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்தோ 4.75 வினாடியில் ஏறித் தங்கம் வென்றார். அந்தச் சுவரில் பிடிகள் உலகெங்கும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான தடவை அதையே ஏறிப் பழகுவார்கள். 'போல்டரிங்' போட்டி நேர்மாறானது. அந்தச் சுவரை யாரும் முன்பு பார்த்திருக்க மாட்டார்கள். இறுதிச் சுற்றில் ஏறுவதற்கு முன் சில நிமிடம் சுவரைப் பார்க்க விடுவார்கள். போட்டியாளர்கள் சேர்ந்து நின்று, காற்றில் கையை அசைத்து, எந்தக் கை எங்கே போகும் என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். பதக்கத்துக்குப் போட்டியிடுகிறவர்கள்! வாய்ப்பாட்டுக்கு முதல் வகைப் பயிற்சி வேண்டும். புதிய கணக்குக்கு இரண்டாம் வகை வேண்டும். நாம் பெரும்பாலும் முதல் வகைப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் வகைத் தேர்வை வைக்கிறோம்.

சரி, என் கதையை முடிக்கிறேன். நான்காம் நாள் அந்த நாற்பதடியை ஏறினேன். நேரம் எடுத்தது, அழகாகவும் இல்லை, ஆனால் ஏறினேன். பிலே செய்தவர் ஒரு இடத்திலும் என்னை மேலே இழுக்கவில்லை. இழுத்திருந்தால் அது என் ஏற்றமாக இருந்திருக்காது. ஐந்தாம் நாள் கயிற்றில் இறங்கும் பயிற்சி. முடிவில் பயிற்றுநர், "அடுத்த நிலைக்கு இன்னும் கொஞ்சம் பழகணும் சார்" என்றார். சான்றிதழிலும் அதற்கேற்பவே எழுதியிருந்தது. எனக்கு வருத்தமில்லை. அது உண்மை.

பள்ளி திறந்ததும் அந்த மாணவனைத் தனியாக அழைத்தேன். இப்போது ஒன்பதாம் வகுப்பு. பாறையில் கால் ஆடிய கதையை அவனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "அப்போ எல்லாரும் சிரிச்சாங்களா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அன்னைக்கு நான் உன்னை அப்படிக் கேட்டது தப்புப்பா" என்று சொன்னேன். பிறகுதான் அவன் சொன்னான். நான்காம் வகுப்பில் பாதி ஆண்டு, அப்பா அம்மாவோடு செங்கல் சூளையில் இருந்திருக்கிறான். திரும்பி வந்தபோது வகுப்பில் வகுத்தல் முடிந்துபோயிருந்தது. அதுதான் அவனுடைய நான்கடிப் பாறை.

சத்துணவு முடிந்த பிறகு தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். புளியங்கொட்டையில் தொடங்கினோம். 24 கொட்டையை நான்கு பேருக்குப் பங்கிடு. பிறகு 84, பிறகு 200. ஏழு வாரம் ஆனது. விடையை நான் சொல்லவில்லை, தப்பாகப் போனால் நிறுத்தினேன், அவ்வளவுதான். அவன் முதல் மதிப்பெண் எடுத்துவிடவில்லை. ஆனால் விடுப்பு எடுப்பது குறைந்தது. ஒரு நாள் அவனாகவே எழுந்து கரும்பலகைக்கு வந்தான்.

இங்கிருந்து போகும்போது மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, உடற்கல்வி நண்பர்களுக்கு. தகுதி பெற்ற பயிற்றுநரும், முறையான கருவிகளும், அனுமதியும் இல்லாமல் பிள்ளைகளை எந்தப் பாறைக்கும் அழைத்துப் போகாதீர்கள். படிநிலை என்ற பாடத்தை மைதானத்திலேயே கற்பிக்கலாம். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், பிறகு ஐந்தடி ஓடி, பிறகு முழு ஓட்டம். விழுவதற்கும் சேர்த்தே பழக்குங்கள். இரண்டாவது, ஒரு பிள்ளை நின்றுவிட்டால், நின்ற இடத்தில் திட்டாமல், அவன் தாண்டி வந்த படியைத் தேடுங்கள். அதைத் தனியாகச் செய்யுங்கள். மூன்றாவது, வருடத்துக்கு ஒரு முறையாவது, உங்களுக்குத் துளியும் வராத ஒன்றைக் கற்கப் போங்கள். நீச்சலோ, தையலோ, வீணையோ எதுவானாலும் சரி. கடைசி வரிசை மாணவராக நான்கு நாள் உட்கார்ந்து பாருங்கள்.