வரைகலைக் கணிப்பில் எண்களின் துல்லியம்



நில வரைபடங்கள் இன்று கணிப்பொறித் திரையில் வரையப்படுகின்றன. வரையும் பணியைச் செய்யும் வரைகலைச் செயலிக்கு வழிகாட்டும் சிறு நிரலை ஷேடர் என்பர். அதை இயந்திர ஆணைகளாக மாற்றுவது கம்பைலர். இம்மாற்றத்தில் எண்களின் துல்லியத்தைக் காப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் எண்களின் இயல்பைக் காண்போம். 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரநிர்ணயத்தின்படி, 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணின் துல்லியம் 24 பிட்டுகள். பதின்ம முறையில் ஏறத்தாழ 7 இலக்கங்கள். பூமியின் நடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். இவ்வளவு பெரிய எண்களில், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி அரை மீட்டர். எனவே, பூமியின் மையத்திலிருந்து அளந்த ஆயத்தொலைகளை ஷேடருக்கு அப்படியே அளித்தால், வயல் வரப்பின் இடம் அரை மீட்டர்ப் படிகளில்தான் குறிக்கப்படும். மையச் செயலியில் 64 பிட் எண்களைக் கொண்டு பார்வை மையத்தைக் கழித்துவிட்டு, எஞ்சும் சிறிய எண்ணை அனுப்புவதே இதற்கு எளிய தீர்வு.

அடுத்தது, கணிதச் செயல்கள். 2016-இல் வெளியான வல்கன் விதிமுறை, 32 பிட் சைன் மதிப்பில் 2,048-இல் ஒரு பங்கு வரை பிழையை அனுமதிக்கிறது. ஒளி நிழலுக்கு இது போதும். ஓர் ஊரின் இருப்பிடத்தைக் கணிக்க இதே சைனைப் பயன்படுத்தினாலோ, அந்த வரம்புப் பிழை தரையில் ஏறத்தாழ 3 கிலோமீட்டராகும். செயலி இதைவிடச் சிறப்பாகக் கணிக்கலாம். ஆனால் விதி தரும் உறுதி அவ்வளவே.

இக்குறையைக் கம்பைலர் குறைக்க முடியும். சைனுக்கு வன்பொருள் ஆணைக்குப் பதிலாகத் தக்க பல்லுறுப்புக் கோவையை அமைக்கலாம். வகுத்தலில், வன்பொருள் தரும் தோராயத் தலைகீழியை நியூட்டன்–ராப்சன் முறையால் ஒருமுறை திருத்தினால், எண்ணின் எல்லைக்குட்பட்டு, சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இருமடங்காகும். அதற்கான செலவு, பெருக்கலையும் கூட்டலையும் ஒருங்கே செய்யும் ஆணைகள் இரண்டு. இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு இதைச் செய்ய நேரமாகும் என்பதால், தேவையறிந்து செய்தல் வேண்டும்.

கம்பைலரின் சுருக்கமே தீங்காவதும் உண்டு. (அ + ஆ) – அ என்னும் கணக்கு, கூட்டலை முழுதாக்கியபோது இழந்தது எவ்வளவு என்று அறிய உதவுகிறது. இயற்கணித விதிப்படி அதை ஆ என்று சுருக்கினால், அளக்க வேண்டிய இழப்பே மறைந்துவிடும். இதைத் தடுக்கவே ஜி.எல்.எஸ்.எல். மொழியில் ‘பிரிசைஸ்’ என்னும் சொல் அமைந்துள்ளது.

எனவே மாணவர்கள், ஏட்டில் சமமான இரு கோவைகள் இயந்திரத்திலும் சமமாகும் என்று கொள்ளலாகாது. வரைபட மென்பொருளை வாங்கும் அலுவலர்கள், எந்தக் கணக்கு எத்தனை பிட்டில் நடைபெறுகிறது, அதன் பிழை வரம்பு என்ன என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். திரையில் தோன்றும் கோட்டை நம்பி எல்லைத் தகராறுகள் தீர்க்கப்படும் இடத்தில், அரை மீட்டர் சிறிய அளவன்று.