பல்லி முட்டையும் பொறுமையும்



நெடுநாள் எடுக்காத புத்தகத்தின் பின்னால் வெண்முத்துப் போன்ற இரண்டு சிறு முட்டைகளை நீங்கள் கண்டிருக்கக்கூடும். அவை வீட்டுப் பல்லியின் முட்டைகள். மேலே பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்க்கும் நாம், அதன் முட்டைக்குள் நடப்பதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை!

பல்லி இனங்களுள் பெரும்பாலானவை ஒரு முறைக்கு இரண்டே முட்டைகள் இடுகின்றன. வீட்டுப் பல்லியின் முட்டை, இடும்போது ஈரமாயும் மென்மையாயும் இருக்கும். காற்றுப் பட்டதும் ஓடு இறுகிவிடும். அத்துடன் தாயின் கடமை முடிந்தது. அது அமர்ந்து அடைகாப்பதில்லை. சுவரின் வெதுவெதுப்பே குஞ்சைப் பொரிக்க வேண்டும். அதற்கு ஒன்றரை மாதமோ, இரண்டு மாதமோ, குளிர் மிகுந்தால் இன்னும் கூடுதலாகவோ ஆகும்.

கோழி தன் முட்டைகளை நாள்தோறும் பல முறை புரட்டுகிறது. புரட்டாவிடில் கரு சவ்வில் ஒட்டிக்கொண்டு கெடும். பல்லி முட்டையிலோ நிலைமை நேர்மாறானது. இட்ட ஓரிரு நாளில் கரு, முட்டையின் மேற்புறத்தைப் பற்றிக்கொள்ளுகிறது. மஞ்சட்கரு அடியில் தங்குகிறது. பின்னர் அதைப் புரட்டினால் அந்தப் பற்று அறுபடலாம். கரு மடிந்தும் போகலாம். ஆதலால், முட்டையை இடம் மாற்றுவோர் அதன் மேற்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளியிட்டு, அப்புள்ளி மேல் நோக்கியபடியே வைப்பர். எடுத்து எடுத்துப் பார்க்கும் ஆவலினும் கொடிய பகை அக்கருவுக்கு வேறில்லை.

சரி, சூட்டைக் கூட்டினால் விரைவில் பொரியுமே என்று கேட்பீர்கள். பொரியும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 1966ஆம் ஆண்டில் மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு அறிஞர், ஆப்பிரிக்க ஓணான் ஒன்றின் முட்டைகளை ஆராய்ந்து, குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பமே முடிவு செய்கிறது என்று கண்டறிந்தார். ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் முதலிய வறண்ட நிலங்களில் வாழும் சிறுத்தைப் பல்லியிலும் அவ்வாறே. 26 பாகை செல்சியஸில் வைத்த முட்டைகளில் ஏறத்தாழ எல்லாம் பெண். 32, 33 பாகையில் ஆண்களே மிகுதி. 34 பாகைக்கு ஏறினால் மீண்டும் பெண்கள் மிகுதி. அதற்கும் மேலே போனால் கருவே அழியும். அவசரப்பட்டு விளக்கை அருகே நகர்த்துகிறவன், தான் அறியாமலே ஒரு தலைமுறையின் அமைப்பை மாற்றிவிடுகிறான்.

சிறுத்தைப் பல்லியின் முட்டை தோல் போன்றது. மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். மண் உலர்ந்தால் குழிந்துவிடும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும். குழிவைக் கண்டவுடன் முட்டை கெட்டது என்று எறிந்துவிடலாகாது. பொரிக்கும் நாள் நெருங்கும்போதும் அது சற்றே குழிந்து, மேலே நீர்த்துளிகள் அரும்பக்கூடும்.

இறுதிக் கட்டமே பார்ப்பவருக்குப் பெரிய சோதனை. பல்லிக் குஞ்சின் மேல்தாடை முனையில் முட்டையைக் கிழிப்பதற்கென்றே இரண்டு நுண்பற்கள் உள்ளன. அவற்றால் ஒரு கீறல் இட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, குஞ்சு நெடுநேரம் அசையாமல் கிடப்பதுண்டு. இரக்கப்பட்டு ஓட்டைப் பிளக்க நம் விரல் துடிக்கும். ஆனால் அந்நேரத்தில் குஞ்சு தன் வயிற்றோடு இணைந்த மஞ்சட்கருவின் மிச்சத்தை உள்ளிழுத்துக்கொண்டிருக்கக்கூடும். அப்போது இழுத்தால் குருதி பெருகும். விட்டுவிட்டால் அது தானே வெளியேறி, விரைவில் முதற்சட்டையை உரித்து, அதையே தின்றுவிட்டு, பூச்சி தேடப் புறப்படும்.