வழக்கமும் ஒரு தீர்மானம்தான்

(நாயுடுபுரத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி பக்கமிருந்து காலை வேலையை முடித்துவிட்டு, குளிரையும் பார்க்காமல் வந்திருக்கும் அம்மாமார்களே, அக்கா தங்கச்சிகளே, ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பில் இருப்பவர்களே!

சேமிப்பு, கடன் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நான் ஊர்ப் பொறுப்பைப் பற்றிப் பேசுறேன். நாட்டாண்மை, பூசாரி, மூப்பன் என்று பரம்பரையாக வரும் பொறுப்புகள் பெரும்பாலும் அப்பாவுக்குப் பிறகு மகனுக்குப் போகும். மகன் இல்லேன்னா தம்பிக்கு, தம்பி மகனுக்கு. மகள் கேட்டால், "அது வழக்கமில்லம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அந்த வார்த்தை நீதிமன்றப் படி ஏறிய இரண்டு கதை சொல்கிறேன்.

முதல் கதை நம் பக்கத்து மதுரை மாவட்டத்தில். உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு துர்க்கை அம்மன் கோயில். பூசாரியாக இருந்த அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது, மகள் பின்னியக்காள் பூசை செய்தார். அப்பா இறந்த பிறகு, "பொம்பளை பூசை பண்ணக் கூடாது" என்று எதிர்ப்பு வந்தது. அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2008-ல் நீதிபதி சந்துரு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பெண் பூசை செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கருவறையில் இருப்பதே பெண் தெய்வம். பிறகு என்ன தடை?

இரண்டாவது கதை தென்னாப்பிரிக்காவில், வலோயி என்ற சமூகத்தில். 1968-ல் தலைவர் இறந்தபோது அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மூத்த மகள் சிலுபானாவை விட்டுவிட்டு, தலைமையைத் தலைவரின் தம்பிக்குக் கொடுத்தார்கள். பிறகு அந்த நாட்டில் ஆண், பெண் சமம் என்று அரசியல் சட்டம் வந்தது. 1996-ல் அந்தக் குடும்பத்தார் கூடி, "இனி மகளும் தலைமைக்கு வரலாம், அன்று விட்டதைச் சிலுபானாவுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்" என்று தீர்மானம் போட்டார்கள். 2001-ல் சித்தப்பா இறந்ததும் அவர் மகன் வழக்குப் போட்டார். கீழே இரண்டு நீதிமன்றங்களில் சிலுபானா தோற்றார். 2008 ஜூனில் அரசியல் சட்ட நீதிமன்றம் அவரை ஜெயிக்க வைத்தது. வழக்கத்தை நடத்துகிற மக்களுக்கே அதை மாற்றவும் உரிமை உண்டு என்றது.

இரண்டு பேருமே ஜெயித்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்க. உசிலம்பட்டியில் ஊர் மாறவில்லை, கோர்ட்டுதான் மாற்றியது. வலோயியில் குடும்பத்தாரே முதலில் மாறினார்கள், கோர்ட்டு அதற்குத் துணை நின்றது. ஊரே மனசு வைத்துக் கொடுத்த இடத்தில்தான் ஒரு பெண் பயமில்லாமல் உட்கார முடியும்.

அந்தத் தீர்மானம் எப்படி வந்தது? கூடிப் பேசி, முடிவெடுத்து, எழுதி வைத்தார்கள். இது நமக்குத் தெரியாத வேலையா? நம் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மான நோட்டு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோமே! குழுத் தலைவி பொறுப்பு அம்மாவிடமிருந்து மகளுக்குப் போவதில்லை. யாரால் முடியும் என்று பார்த்துக் கொடுக்கிறோம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமாச்சு. 2006 வன உரிமைச் சட்டத்தில், காட்டு நிலப் பட்டா கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும் வர வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். மலையில் இருக்கிற பழங்குடிச் சகோதரிகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் திருவிழாவுக்கு ஊர் கூடும்போது பல ஊர்களில் நாம் எங்கே இருக்கிறோம்? தலைக்கட்டு வரி நம் சம்பாத்தியத்திலும் போகுது. பேச்சு ஆண்களோடு முடியுது. கணவன் இல்லாத வீட்டைத் தலைக்கட்டாகவே சேர்க்காத ஊரும் உண்டு.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஊர்க்கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீங்க, குழுவாகப் போங்க. சண்டை வேண்டாம். இரண்டே விஷயம் கேளுங்க. பெண் நடத்தும் வீட்டையும் முழுத் தலைக்கட்டாகச் சேர்க்கணும். ஊர்ப் பொறுப்புக்கு மகளையும் மருமகளையும் எண்ணிப் பார்க்கணும். மகன் இல்லாத வீட்டில் மட்டும் இல்லை, மகன் இருக்கிற வீட்டிலும்.

"வழக்கமில்லை" என்றால், "இன்னைக்கு எழுதினா நாளைக்கு அதுதான் வழக்கம்" என்று சொல்லுங்கள். நோட்டையும் பேனாவையும் கையோடு கொண்டு போங்க.