விபசாரத் தடுப்புச் சட்டமும் தீவுகளின் நீதியும்



மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள் கோயில் வாசலில் நின்று, அங்கிருந்து நாற்புறமும் 200 மீட்டர் அளந்து பாருங்கள். பஸ் நிலையமும் கடைவீதியும் வெளியூரார் தங்கும் விடுதிகளில் பலவும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். வழிபாட்டுத் தலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றிலிருந்து அந்தத் தூரத்துக்குள் விபசாரத் தொழில் நடப்பது குற்றம் என்கிறது விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. கோயிலும் பள்ளியும் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிற நம் நாட்டில் இதற்கு என்ன அர்த்தம்? வயதுவந்த ஒரு பெண் தன் இச்சையாகச் செய்தால் தொழில் குற்றமல்ல என்று வாயால் சொல்லிவிட்டு, அவள் கால் ஊன்றும் இடத்தையெல்லாம் குற்றமாக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் அர்த்தம்.

இத்தொழிலைப் புகழ்ந்து பேச நான் இங்கே வரவில்லை. குழந்தைகளைக் கடத்தி விற்பவனுக்கும், வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டி ஏழைப் பெண்ணை அடைத்து வைப்பவனுக்கும் எவ்வளவு கடுமையான தண்டனை கொடுத்தாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் அந்தப் பாதகனைப் பிடிப்பதற்கென்று செய்த சட்டம் நடைமுறையில் யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் இந்தச் சபையில் விசாரிக்க வேண்டும் என்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கேனும் ரெய்டு நடந்தால் மறுநாள் காலைப் பத்திரிகையில் நாம் காண்பது என்ன? துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தலை குனிந்து வரிசையாக நிற்கும் பெண்களின் படமும், "அழகிகள் மீட்பு" என்ற கொட்டை எழுத்தும். மீட்கப்பட்டவர்களை ஏன் குற்றவாளிகளைப்போல் நிறுத்திப் படமெடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அறை வாடகைக்குமேல் பங்கு வாங்கிய முதலாளியின் படம் அங்கே ஏன் இல்லை என்றும் கேட்பதில்லை.

சட்டத்தின் வாசகத்தையே எடுத்துப் பாருங்கள். பொது இடத்தில் நின்று அழைத்தால் 8ஆம் பிரிவின்படி பெண்ணுக்கு ஆறு மாதம் வரையில் சிறை. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் உச்ச தண்டனையே மூன்று மாதந்தான். பெண்ணாயிருந்தால் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்த நிலையம் என்று சொல்லி இரண்டு முதல் ஐந்து வருஷம் வரையில் அடைத்து வைக்கவும் 10ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. அவளுடைய சம்பாத்தியத்தில் தெரிந்தே ஜீவிக்கிற 18 வயது கடந்த எவரும் 4ஆம் பிரிவின்படி குற்றவாளிகள். தரகனுக்கென்று விரித்த அந்த வலையில், அவள் அனுப்பும் பணத்தில் காலேஜில் படிக்கும் மகனும், மருந்து வாங்கிச் சாப்பிடும் தாயாரும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பெண்கள் துணைக்குத் துணையாக ஒரே வீட்டிலிருந்து தொழில் செய்தால் அந்த வீடு விபசார விடுதி. தனியாக இருந்தால் அடி, உதை, கொலைபாதகம். சேர்ந்து இருந்தாலோ கேஸ்.

இந்த நியாயம் எங்கிருந்து வந்தது? தீவு நாடுகள் சிலவற்றின் நீதியைப் பார்ப்போம். நம்மை ஆண்ட பிரிட்டன் ஒரு தீவு. இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தால் விடுதி என்று வழக்குப் போடும் முறை அங்கே இன்றும் இருக்கிறது. அவர்கள் இலங்கைக்கு 1841இல் எழுதிக் கொடுத்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், கொழும்பு வீதிகளில் நின்ற பெண்களைப் பிடித்துப்போக நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் போலீசாருக்கு உதவி வந்திருக்கிறது. நம்முடைய சட்டம் பிறந்த அதே 1956ஆம் வருஷத்தில் ஜப்பானும் ஒரு சட்டம் இயற்றி, தெருவில் நின்று அழைத்த பெண்ணுக்குத் தண்டனை விதித்து, அவளிடம் போன ஆணை வீட்டுக்கு அனுப்பியது. சிங்கப்பூரோ கேலாங் பகுதியில் சில விடுதிகளைப் போலீஸ் கண்காணிப்பில் வைத்துக்கொண்டு, வீதிக்கு வந்தவளைப் பிடிக்கிறது. ஐஸ்லாந்து 2009இல் இதைத் தலைகீழாக மாற்றி, விலை கொடுத்து வாங்குகிறவனே குற்றவாளி, விற்கிறவள் அல்லள் என்று விதித்தது. அந்த வழி எனக்கு முழுச் சம்மதமில்லையென்றாலும், அவமானத்தைப் பெண்ணின் தலையிலிருந்து இறக்கி வைத்த அளவில் அது நம்மைவிட மேல்.

நியூஸிலாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2003ஆம் வருஷம் ஜூன் மாதம், 60க்கு 59 என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நான்கு பெண்கள் வரையில் முதலாளி இல்லாமல் தாங்களே சேர்ந்து தொழில் செய்யலாம். எந்த வாடிக்கைக்காரனையும் எந்த நிமிஷத்திலும் வேண்டாமென்று மறுக்கலாம். பாதுகாப்பு உறை கட்டாயம். அதன் பலனைக் கேளுங்கள்: தன்னை ஆபாசமாகப் பேசித் துன்புறுத்திய விடுதி நடத்துபவன்மேல் ஒரு பெண் வழக்காடி, 2014இல் 25,000 டாலர் நஷ்டஈடு பெற்றாள். அயல்நாட்டிலிருந்து தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பது அச்சட்டத்தின் களங்கம். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் நம் ஊரில் அப்படித் துன்புற்ற ஒருத்தி போலீஸ் ஸ்டேஷன் வாசற்படி ஏறினால், எழுதப்படுவது அவள் புகாரா, அவள்மேல் கேஸா என்பதை உங்கள் நெஞ்சையே கேட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பு என்ற பெயரால் நாம் செய்ததை இந்த மாநிலம் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும், மாணவியாயிருந்த நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதல் கண்டறிந்தது, சென்னையில் பிடிபட்டு அரசாங்க விடுதியில் அடைபட்டிருந்த பெண்களின் இரத்தத்திலிருந்துதான். அந்த ஆராய்ச்சி தேசத்துக்குப் பேருபகாரம் செய்தது. ஆனால் தேசம் அந்தப் பெண்களுக்கு என்ன செய்தது? நோய் கண்டவர்களை வெளியே விடாமல் அடைத்து வைத்தது; பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, 1990இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

2022ஆம் வருஷம் மே 19ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையில், இத்தொழில் செய்யும் பெண்களும் கௌரவத்தோடு வாழும் உரிமையுடைய பிரஜைகளே என்று சொல்லி, ரெய்டில் இவர்களைக் கைது செய்யலாகாது, துன்புறுத்தலாகாது, பத்திரிகைகள் இவர்களை அடையாளம் காட்டலாகாது, தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கலாகாது, உறை வைத்திருந்ததைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்றெல்லாம் உத்தரவு போட்டிருக்கிறது. உத்தரவு டில்லியில் இருக்கிறது. ரெய்டு இங்கே நடக்கிறது.

ஆகையால் இந்தச் சபையின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். அந்த உத்தரவைத் தமிழில் அச்சிட்டு இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷன் சுவரிலும் ஒட்ட வேண்டும். பெண்களின் படத்தைப் போட்டுப் பத்திரிகை விற்பதை ஆசிரியர்கள் இன்றோடு நிறுத்த வேண்டும். 8ஆம் பிரிவையும் 10ஏ பிரிவையும் நீக்கி, 4ஆம் பிரிவிலிருந்து தாயாரையும் பிள்ளைகளையும் விடுவிக்கும்படி நம் காஞ்சிபுரம் தொகுதி உறுப்பினர் பாராளுமன்றத்தில் பேச வேண்டும். இதில் சம்மதமுள்ளவர்கள், வெட்கப்படாமல், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல், கையை உயர்த்துங்கள்.