மழை விட்டும் வைப்பர் விடவில்லை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். நாமோ இன்று காரின் முன் கண்ணாடியைத் துடைக்கும் கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். துடைப்பான் என்று தமிழில் சொல்லலாம். சொன்னால் தாய்மார்கள் வீட்டு மூலையில் சாத்தியிருக்கும் துடைப்பத்தை நினைத்துக்கொள்வர். ஆதலின் ஊரார் வழங்கும் வைப்பர் என்ற சொல்லையே கைக்கொள்வோம். அதிலும் ஒரு பொருத்தம் உண்டு. வைப்பர் என்பது தமிழில் வினைமுற்றும் ஆகும் அன்றோ? திண்டாட வைப்பர், திகைக்க வைப்பர், சில வேளைகளில் இறைவன் பெயரைச் சொல்லவும் வைப்பர்.

நம் காலனியின் வாயிலில் நின்று பாருங்கள். பச்சை எண் பலகை தாங்கிய மின்சாரக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகின்றன. தெலங்கானா அரசு 2024 நவம்பரில் மின்சார வண்டிகளுக்கு 2026 டிசம்பர் இறுதி வரை சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இல்லை என்று அறிவித்தது. அதன் பின்னர், கணக்குப் பார்த்துச் செலவிடும் நம்மவர்க்கும் ஆசை பிறந்தது. எங்கள் இல்லத்திலும் ஒன்று வந்து சேர்ந்தது. ஓசை இல்லை, புகை இல்லை, பெட்ரோல் பங்கில் காத்து நிற்கும் வேலை இல்லை. அவ்வண்டியின் மோட்டாரைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குறையெல்லாம் அதன் வைப்பரைப் பற்றியதே.

வண்டியை விற்றவர் சொன்னார்: “மழை வந்தால் தானே துடைக்கும், நின்றால் தானே நிற்கும். நீங்கள் கையைக்கூட அசைக்க வேண்டாம்.” கேட்பதற்கு எவ்வளவு இனிமை! மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது நம் பழமொழி. எங்கள் வண்டியிலோ மழையும் விட்டது, தூவானமும் விட்டது, வைப்பர் விடவில்லை. காய்ந்த கண்ணாடியின்மேல் கிறீச் கிறீச் என்று அது ஓடிய ஓட்டத்தைக் கண்டு, பக்கத்து வண்டியிலிருந்த குழந்தை கை தட்டிச் சிரித்தது.

இது ஏன் இப்படி? உள்ளே நடப்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்புறம், முன் கண்ணாடியோடு ஒட்டியபடி ஒரு சிறு சென்சார் இருக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் சாய்வாகச் செலுத்துகிறது. கண்ணாடி காய்ந்திருந்தால் ஒளி வெளிப்புறத்தில் பட்டு முழுவதும் உள்ளே திரும்பிவிடும். ஒரு நீர்த்துளி உட்கார்ந்திருந்தால் அதன் வழியாகச் சிறிது ஒளி வெளியே தப்பிவிடும். திரும்பி வரும் ஒளி குறையக் குறைய, மழை மிகுதி என்று அக்கருவி முடிவு கட்டும். நல்ல யுக்திதான், பெட்ரோல் கார்களிலும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஆனால் அது காண்பது உள்ளங்கைக்கும் குறைவான இடம். அந்த இடத்தில் துளி விழாத வரையில் அதன் கணக்கில் உலகில் மழையே இல்லை.

அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் இந்தச் சென்சாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சாலையைப் பார்ப்பதற்கென்று வைத்த கேமராவையே மழையையும் பார்க்கச் சொன்னது. தொலைவைப் பார்க்கும் கண்ணுக்கு மூக்கின் நுனியில் உள்ளது தெளிவாய்த் தெரியாது. அதுபோலத் தூரத்துக்கென அமைந்த கேமராவுக்குக் கண்ணாடியின் மேலுள்ள துளி ஒரு மங்கலாகவே தோன்றும். வெயிலின் கூச்சத்தை மழை என்றும், மெல்லிய தூறலை ஒன்றுமில்லை என்றும் அது மயங்குவதாகப் பல நாட்டு உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றனர். அந்நிறுவனம் 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்து இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

தமிழில் மழைக்கு எத்தனை பெயர்! தூறல், சாரல், தூவானம், அடைமழை, கனமழை என்று நம் பாட்டிமார்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே இனம் பிரிப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் இவ்வூர் வானம் இவை அத்தனையையும் ஒரே மாலையில் காட்ட வல்லது. செகந்திராபாத்தில் அடைமழை, பேகம்பேட்டையில் தூறல், மெஹதிப்பட்டினத்தில் புழுதி. கருவிக்கோ கொஞ்சம், நிறைய என்ற இரண்டு சொல்லுக்குமேல் பாடமில்லை.

இதுவரை சொன்னது சிரிப்புக்குரியது. இனிச் சொல்வது அவ்வாறன்று.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம், சென்னையிலிருந்து வரும் தமக்கையாரை அழைத்துவர, விடியற்காலையில் ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். வெளிவட்டச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். மழை நின்றிருந்தது, சாலை மட்டும் நனைந்திருந்தது. வலப்புறமாக ஒரு மணல் லாரி எங்களை முந்திற்று. அதன் சக்கரங்கள் வாரி இறைத்த சேறு, ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராக, கண்ணாடியின் வலப்பக்கத்தை மூடிவிட்டது. நடுவில் இருந்த சென்சாரின்மேல் போதிய துளி படவில்லை போலும். வைப்பர் அசையாமல் படுத்திருந்தது.

பழைய வண்டியாக இருந்தால் கை தானே லீவரைத் தட்டியிருக்கும். இவ்வண்டியில் வைப்பரின் வேகத்துக்கு லீவர் இல்லை. நடுவிலுள்ள திரையில் ஒரு சிறு படத்தைத் தொட வேண்டும். தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேற்றால் மூடிய கண்ணாடியை விட்டுக் கண்கள் திரைக்குப் போயின.

“அப்பா, திரையைப் பார்க்காதீர்கள்! சாலையைப் பாருங்கள்!” என்று பக்கத்தில் இருந்த மகள் கூவினாள். கூவிக்கொண்டே அவளே எட்டி அந்தப் படத்தைத் தொட்டாள். கண்ணாடி தெளிந்தபோது லாரி எங்கள் பாதைக்குள் பாதி வந்திருந்தது. பிரேக்கை மிதித்தோம், பிழைத்தோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். மூன்று நொடி என்று வைத்தாலும் 66 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறோம். விமான நிலையத்தில் தமக்கையார், “தம்பி, ஏன் முகம் இப்படி வெளிறிக் கிடக்கிறது?” என்று கேட்டபோது எங்களுக்கு வாய் வரவில்லை.

ஜெர்மனியில் இதுபோன்ற ஒரு செய்தி நீதிமன்றம் வரையில் சென்றிருக்கிறது. 2019-இல் கனத்த மழையில் டெஸ்லா கார் ஓட்டிய ஒருவர், வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையைத் தொட்டார். வண்டி சாலையை விட்டு விலகி மரங்களில் மோதிற்று. ஓட்டும்போது கைப்பேசியை இயக்குவதும் இதுவும் ஒன்றே என்று கார்ல்ஸ்ரூஹே உயர்நிலை நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 200 யூரோ அபராதம். ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. தண்டனை ஓட்டியவர்க்கு, வைப்பரைத் திரைக்குள் ஒளித்து வைத்தவர்க்கு ஒன்றும் இல்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றாலும் எங்கள் மனம் அதை ஒப்பவில்லை.

நாங்களும் வண்டியைப் பழுது பார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். “அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும், சார்” என்றார் அங்கிருந்த இளைஞர். அப்டேட்டும் வந்தது. அதன் பயனாக, இவ்வாண்டு மே மாத வெயிலில், கட்டட வேலைப் புழுதி படிந்த கண்ணாடியின்மேல் வைப்பர் தானாக ஓடிற்று. கருங்கல் தூளின்மேல் ரப்பரைத் தேய்த்தால் என்ன ஆகும்? வில் போல ஒரு கீறல் விழுந்துவிட்டது. மறுபடியும் போய்க் கேட்டால், “ஆட்டோவை அணைத்து வைத்துவிடுங்கள், சார்” என்றார். காசு கொடுத்து வாங்கிய வசதியை அணைத்து வைப்பதுதான் வசதி!

இக்கருவியின் பிறப்பை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார் நியூயார்க் நகரில் டிராம் வண்டியில் சென்றார். பனிமழையில் ஓட்டுநர் கண்ணாடி தெரியாமல் படும் பாட்டைக் கண்டார். உள்ளே இருந்தபடி கையால் லீவரை இழுத்தால் வெளியே துடைக்கும் கருவியை அமைத்து, 1903-இல் காப்புரிமை பெற்றார். அதனால் அவர் ஒரு காசும் பார்க்கவில்லை. பின்னர் எஞ்சின் உறிஞ்சும் காற்றால் இயங்கும் வைப்பர் வந்தது. மேடு ஏற ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது சோர்ந்து நின்றுவிடும். 1964-இல் ராபர்ட் கெர்ன்ஸ் என்பவர், கண் இமைப்பது போல விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பருக்குக் காப்புரிமை கோரினார். நம் நாட்டு லாரி ஓட்டுநர்களோ, வைப்பர் கெட்டால் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு மலைப்பாதையே இறங்கியவர்கள். இத்தனை மாற்றத்திலும் எப்போது துடைப்பது என்று சொல்லும் உரிமை ஓட்டுகிறவர் கையில் இருந்தது. அந்தக் கையிலிருந்து அதைப் பறித்ததுதான் எங்கள் வழக்கு.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, வைப்பர், ஹாரன், சைகை விளக்கு முதலியவற்றைக் கைக்கு எட்டும் தனிப் பொத்தானாகவோ லீவராகவோ வைக்க வேண்டும் என்று 2026 முதல் எதிர்பார்க்கிறது. அந்தக் காற்று இங்கும் வீசும் வரையில் நாம் சும்மா இருக்கலாகாது.

புதிய வண்டி வாங்கப் போகும் அன்பர்கள், எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பதோடு, “வைப்பருக்கு லீவர் எங்கே?” என்றும் கேளுங்கள். வண்டியைக் கழுவக் கொடுக்குமுன் ஆட்டோவை அணைத்துவிடுங்கள். கழுவும் பையன் கையை அது பதம் பார்க்கும். திரை வண்டியே வாங்கிவிட்டவர்கள் வருகிற ஞாயிறு காலை 7 மணிக்குக் காலனி வாயிலுக்கு வண்டியோடு வாருங்கள். நாங்கள் இரண்டு வாளித் தண்ணீரும் சிறிது செம்மண்ணும் கொண்டுவருவோம். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், கைக்கு வைப்பர் அகப்படுகிறதா என்று ஒவ்வொருவரும் பழகிப் பார்க்கலாம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை எங்கள் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.