எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்தக் கணக்கு?



பகா எண் தேடுவதைப் பற்றிக் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசினால், கடைசியில் ஒருவராவது எழுந்து கேட்பார்: "எங்க வீட்ல கெடக்கது பழைய கம்ப்யூட்டர் சார், இதுக்கு ஆகுமா?" ஆகும். ஆனால் அதற்கு எந்த வேலையைக் கொடுப்பது என்று தெரிந்து கொடுக்க வேண்டும். தூத்துக்குடியில் எத்தனையோ கடைகளிலும் கப்பல் ஏஜென்சி அலுவலகங்களிலும் ராத்திரி முழுக்கச் சும்மா நிற்கிற கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் தேடுவது என்ன என்று பார்ப்போம். 2-ஐ மூன்று முறை போட்டுப் பெருக்கினால் 8. ஒன்றைக் கழித்தால் 7, அது பகா எண். ஐந்து முறை போட்டால் 32, ஒன்று போக 31, அதுவும் பகா எண். ஏழு முறை போட்டால் 127. பதினொரு முறை போட்டால் 2047 வருகிறது. இது பகா எண் இல்லை, 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வந்துவிடும். இந்த வகையில் பகா எண்ணாக அமைகிறவற்றை, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மெர்சென்னின் பெயரால் மெர்சென் பகா எண்கள் என்கிறோம். ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கர் 1996-இல் இவற்றைத் தேட ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். அதன் சுருக்கப் பெயர் ஜிம்ப்ஸ். யார் வேண்டுமானாலும் 'பிரைம்95' என்ற மென்பொருளை இலவசமாக இறக்கித் தன் கம்ப்யூட்டரில் ஓடவிடலாம்.

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் இந்த முயற்சியில் ஒரு புதிய எண்ணைப் பிடித்தார். 2-ஐ 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 முறை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்த எண் அது. அதில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அவர் 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் கார்டுகளில் தேடினார். டப்ளினில் இருந்த ஒரு கார்டு, இது பகா எண்ணாக இருக்கலாம் என்று முதலில் சொன்னது. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று மறுநாளே உறுதி செய்தது. அதற்கு முன் 28 வருடமாக ஜிம்ப்ஸ் கண்டுபிடித்த அத்தனையும் சாதாரண கம்ப்யூட்டர் பிராசசரில் கிடைத்தவை. இனி நம் போன்றவர்களுக்கு இதில் இடம் இல்லையோ என்று சிலருக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நம் கடற்கரையில் முத்துகளைத் தரம் பிரித்த விதம் பெரியவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 1961-இல் நடந்த குளிப்புதான் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய குளிப்பு. பித்தளைச் சல்லடைகள் பத்து இருக்கும். முதல் சல்லடையில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறிக் கடைசிச் சல்லடையில் 1000 துளை. முத்துகளை வரிசையாக இவற்றில் போட்டுச் சலித்து, அளவு பிரிந்த பிறகுதான் கண் பழகிய வியாபாரி கையில் எடுத்து உருட்சியும் ஒளியும் பார்த்து, இது ஆணி, இது அணதாரி, இது குறுவல் என்பார். தூளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நேரத்தைக் கழிக்க மாட்டார். ஜிம்ப்ஸில் ஓர் எண் கடந்து போகிற பாதையும் இப்படித்தான் இருக்கிறது. மலிவான சோதனைகள் முதலில் வரும், விலை கூடிய சோதனை கடைசியில் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு வகைக் கம்ப்யூட்டர் பொருந்தும்.

முதல் கட்டம், சிறிய எண் எதனாலாவது வகுபடுகிறதா என்று பார்ப்பது. எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 2047-ஐ மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஐப் பதினொரு முறை போட்டதால் 11-ஐ இரட்டித்து 22 என்று வைத்துக்கொள்வோம். அதை வகுக்கும் எண் எதுவானாலும், 22-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். 22-உம் ஒன்றும் 23. நான்கு இருபத்திரண்டு 88, ஒன்று கூட்டினால் 89. இரண்டு வகுஎண்களும் கிடைத்துவிட்டன. இது தவிர, 8-ஆல் வகுத்தால் மீதி ஒன்றோ ஏழோ வர வேண்டும் என்ற விதியும் உண்டு. இப்படிக் கழித்த பிறகும் கோடிக்கணக்கான எண்கள் மிஞ்சும். அவற்றில் ஒன்றைச் சோதிப்பதற்கும் இன்னொன்றைச் சோதிப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யலாம். ஆயிரக்கணக்கான சிறு கணக்குக் கூறுகள் கொண்ட கிராஃபிக்ஸ் கார்டு இதற்கென்றே பிறந்தது போல வேலை செய்யும். பிள்ளைகள் கேம் விளையாட வாங்கிய கார்டே போதும். இந்த வேலையைச் சாதாரண பிராசசரிடம் கொடுப்பது கரண்டை வீணாக்குவது.

இரண்டாம் கட்டத்துக்கு ஜான் பொல்லார்டு 1974-இல் தந்த, வகுஎண் தேடும் ஒரு முறை பயன்படுகிறது. இதற்கு வேகத்தைவிட ரேம் முக்கியம். எந்த அலுவலகத்திலாவது ரேம் நிறையப் போட்ட பழைய சர்வர் ஒன்று ஓரமாகக் கிடந்தால் அதற்கு ஏற்ற வேலை இது.

இந்த இரண்டிலும் வகுபடாமல் தப்பிய எண்தான் கடைசிச் சோதனைக்கு வருகிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், தவறான பொருத்தம் அதிகம் நடப்பது இங்கேதான். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுத்து, அந்த மீதியை மறுபடி அதே மாதிரி பெருக்க வேண்டும். இதையே ஏறக்குறைய 12 கோடி முறை, 13 கோடி முறை செய்ய வேண்டும். முந்தைய சுற்றின் விடை வராமல் அடுத்த சுற்றைத் தொடங்க முடியாது. ஆகவே ஆயிரம் பேர் கூடினாலும் ஒரே எண்ணின் சோதனையைப் பங்கு போட முடியாது. ஆளுக்கு ஓர் எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கப்படும் எண் கோடிக்கணக்கான இலக்கம் கொண்டது. அதை வைத்திருக்க 50, 60 மெகாபைட் இடம் வேண்டும். பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற வேக நினைவகம் சாதாரண அலுவலகக் கம்ப்யூட்டரில் 6 முதல் 12 மெகாபைட்தான். அதில் அடங்காததால் ஒவ்வொரு சுற்றிலும் ரேமிலிருந்து எண்ணைக் கொண்டு வந்து, கணக்குப் போட்டு, திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. நான்கு கோர் இருக்கிறதே, நான்கு எண்களைத் தனித்தனியாக ஓட விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் நான்கும் ரேமுக்குப் போகும் ஒரே வழியில் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு சுற்றின் பெருக்கலையும் பங்கிட்டுக்கொள்ளும்படி நான்கு கோரையும் சேர்த்து ஒரே எண்ணில் இறக்குவதே பெரும்பாலும் நல்லது. ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால், அதே அளவில் இன்னொரு துண்டு வாங்கி ஜோடியாகப் போட்டாலே ரேமுக்குப் போகும் வழி இரண்டு மடங்காகும். 2022-இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 5800எக்ஸ்3டி பிராசசரில் 96 மெகாபைட் கேஷ் இருக்கிறது. இந்த எண் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

பிரைம்95 ஓடும்போது திரையில் ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். எத்தனையாவது சுற்று, ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிசெகண்டு, முடிய இன்னும் எவ்வளவு நாள் என்று அது சொல்லும். நடுவில் உள்ள மில்லிசெகண்டைக் கவனியுங்கள். 12 கோடிச் சுற்றில், சுற்றுக்கு 5 மில்லிசெகண்டு என்றால் ஏழு நாளில் முடியும். 20 என்றால் 28 நாள். விளம்பரத்தில் போடும் கிகாஹெர்ட்ஸ் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

எல்லாத் தேடலும் இவ்வளவு பெரிய எண்ணில் நடப்பதில்லை. பிரைம்கிரிட் என்று இன்னொரு கூட்டு முயற்சி 2005 முதல் நடக்கிறது. 2016-இல் அதில் கிடைத்த இரட்டைப் பகா எண்களில், அதாவது இரண்டே வித்தியாசத்தில் வரும் பகா எண் ஜோடியில், ஒவ்வொன்றுக்கும் 3,88,342 இலக்கங்கள். இந்த அளவு எண் ஒரு மெகாபைட் சொச்சத்தில் அடங்கிவிடும். அங்கே கோருக்கு ஒன்றாகத் தனித்தனி வேலை கொடுப்பதுதான் சரி. முன்பு சொன்னதற்கு இது நேர் எதிரானது. கம்ப்யூட்டர் மாறவில்லை, எண்ணின் பருமன் மாறியதால் பொருத்தமும் மாறிவிட்டது.

வேகம் மட்டும் போதாது, பிசகில்லாமலும் கணக்குப் போட வேண்டும். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களை வைத்துக் கணக்குப் போட்டபோது, பென்டியம் பிராசசர் வகுத்தலில் தப்பான விடை தருவதைக் கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்ய இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. 2016-இல் வேறொரு இன்டெல் பிராசசரின் பிழையும் பிரைம்95 ஓட்டியதில்தான் வெளியே வந்தது. பல நாள் இடைவிடாமல் போடும் கணக்கில் ரேமில் ஒரே ஒரு பிட் தடம் மாறினாலும் விடை குப்பை. அதனால்தான் முன்பெல்லாம் ஒரே எண்ணை இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிப்பார்கள். ராபர்ட் கெர்பிக்ஸ் கண்டுபிடித்த ஒரு முறையால், ஓடும்போதே பிழையைப் பிடிக்க இப்போது வழி இருக்கிறது. 2020 முதல் சோதனை முடிந்ததும் ஒரு சான்றுக் கோப்பும் தயாராகிறது. அதைச் சரிபார்க்க முழுச் சோதனைக்கு ஆகும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

நம் ஊருக்கென்று சில விஷயம் சொல்ல வேண்டும். உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள ஊர் இது. மடிக்கணினியில் இந்த வேலையை ஓட்டாதீர்கள். சூடு ஏறினால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கணக்கும் பிசகலாம். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் விசிறியில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், ரெண்டு மாச பில்லில் 144 யூனிட் ஏறும். ஆகவே சில மணி நேரம் மட்டும் ஓட விடுங்கள், அது போதும். கரண்ட் போனாலும் கவலையில்லை. கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மென்பொருள் தொடர்ந்துகொள்ளும்.

இவ்வளவு பாடுபட்டு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு கணிதவியலர் எஸ். எஸ். பிள்ளையைத்தான் காட்டுவேன். 1901-இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தவர். எந்த மிகை முழு எண்ணையும் கூட்டலாக எழுத 73 ஆறாம் அடுக்குகள் போதும் என்று 1940-இல் நிறுவினார். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. 1950-இல் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். பயன் என்ன என்று பார்த்து அவர் எண்களிடம் போகவில்லை. அந்த ஆசை நம் பக்கத்து மண்ணில் முளைத்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கடைசியாக, பழைய கம்ப்யூட்டருக்கான வேலை. பழைய முறையில் ஒரே ஒரு தடவை மட்டும் சோதிக்கப்பட்ட எண்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அவை இப்போதைய எண்களைவிடச் சிறியவை என்பதால் மறுசோதனையை மெதுவான பிராசசரும் முடித்துவிடும். இந்த வேலையின் மதிப்பு சாதாரணமானதில்லை. 2013-இல் கிடைத்த ஒரு மெர்சென் பகா எண், வரிசையில் நாற்பத்தெட்டாவது என்று உறுதியானது 2021-இல்தான். அதற்குக் கீழே இருந்த எண்களையெல்லாம் தன்னார்வலர்கள் மறுபடி சோதித்து முடிக்க எட்டு வருடம் ஆனது. 2024-இல் கிடைத்த எண்ணுக்குக் கீழேயும் அந்தப் பாக்கி நீண்டு கிடக்கிறது. பிரைம்95-ஐ நிறுவும்போது எந்த வகை வேலை வேண்டும் என்று கேட்கும். உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க அதனிடமே விட்டுவிடலாம், மறுசோதனைதான் வேண்டும் என்று நீங்களே குறிக்கவும் செய்யலாம். இன்று ராத்திரி குறித்தால், இன்னொருவர் போட்ட கணக்கு ஒன்று சரிபார்க்க உங்களிடம் வந்து சேரும்.