கிளட்ச் தட்டு மாற்றிய கதை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நெல்லித்தோப்புக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

ஊறுகாய், மெழுகுவத்தி, பினாயில், சணல் பை எல்லாம் பத்தி எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் பேச வந்தது மோட்டார் சைக்கிள் கிளட்ச் பத்தி. சிரிக்கிறீங்க, சிரிங்க. ஆனா உங்க வீட்டு வருமானம் ரெண்டு சக்கரத்து மேல ஓடுதா இல்லையான்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. மீன் கூடை, பூக்கூடை, பால் கேன், டிபன் கேரியர், தையல் துணி மூட்டை எல்லாமே வண்டியிலதான் போகுது.

நான் இட்லி மாவு அரைச்சுக் கடைகளுக்குப் போடுறேன். நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் ஆரம்பிச்சு ரெட்டியார்பாளையம், மூலகுளம், அரும்பார்த்தபுரம் வரைக்கும் போகும். முன்னாடி என் வீட்டுக்காரர்தான் கொண்டு போய்ப் போடுவார். மில்லுல பிட்டர் வேலை பார்த்தவர். மில்லு மூடின பிறகு மாவு வேலைதான் எங்க ரெண்டு பேருக்கும் சோறு. சக்கரை வியாதியில அவருக்குக் கால் விரல் ரெண்டு எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நானே கியர் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். எங்க குழு உள்கடன்ல செகண்ட் ஹேண்டா வாங்கின ஸ்பிளெண்டர் அது. கிளட்ச் போனப்ப எட்டாவது தவணை கட்டிட்டிருந்தேன்.

எப்படிப் போச்சுன்னு சொல்றேன், ஏன்னா இது உங்க வண்டிக்கும் வரும். அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டர் முறுக்கினா சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஏறல. பின்னாடி நாற்பது கிலோ மாவு. ஒரு மாதிரி கருகின வாசனை வேற. சமதரையில போனா ஒண்ணும் தெரியாது. பெட்ரோல் மட்டும் வழக்கத்தை விடக் கூடக் குடிச்சுது. இதைத்தான் கிளட்ச் ஸ்லிப்புன்னு சொல்றாங்க. சந்தேகமா இருந்தா காலியான ரோட்டுல மூணாவது, நாலாவது கியர்ல மெதுவாப் போய்க்கிட்டே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமா முறுக்குங்க. சத்தம் ஓடி, வண்டி ஓடலைன்னா விஷயம் அதுதான்.

ஒரு வொர்க் ஷாப்புக்குக் கொண்டு போனேன். பார்த்தவர் என்கிட்டப் பேசல. கூட வந்திருந்த என் கொழுந்தனார்கிட்டதான் பேசினார். இத்தனைக்கும் வண்டி ஓட்டுறது நான், காசு கொடுக்கப் போறதும் நான். கிளட்ச் அசெம்பிளி மொத்தமா மாத்தணும், 3,200 ரூபா ஆகும், ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்கன்னார். திறந்து பார்க்காமலே எப்படி மொத்தமா மாத்தணும்னு தெரியும்னு கேட்டேன். பதில் வரல. காசை விட அந்த ரெண்டு நாள்தான் எனக்குப் பெரிசு. மாவு காத்திருக்காது, புளிச்சிடும். ரெண்டு நாள் போடலைன்னா கடைக்காரர் வேற ஆள்கிட்ட வாங்க ஆரம்பிச்சிடுவார், அப்புறம் அந்தக் கடை திரும்பி வராது. தவணை தவறினா குழுவுல மத்த பதினோரு பேர் முகத்தை எப்படிப் பார்க்கிறது?

வண்டியை வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்காரர் கேட்டுட்டு, "தட்டு தேஞ்சிருக்கும், வேற ஒண்ணுமில்ல. என்னால குந்தி உட்கார முடியாது. நீ உட்காரு, நான் சொல்றேன்" என்றார்.

முதல்ல கிளட்ச்னா என்னன்னு பார்ப்போம். எல்லாரும் ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வச்சு அழுத்துங்க. ஒரு கையைத் திருப்பினா மத்ததும் சேர்ந்து திரும்புது இல்லையா? லேசா விடுங்க, ஒண்ணு திரும்பும், ஒண்ணு நிக்கும். கிளட்ச் அவ்வளவுதான். இன்ஜின் ஒரு கை, பின் சக்கரத்துக்குப் போற கியர் இன்னொரு கை. நடுவுல வட்டத் தட்டுகள் அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி இருக்கும். ஒண்ணு உராய்வுப் பொருள் ஒட்டின தட்டு, அடுத்தது வெறும் ஸ்டீல் தட்டு, இப்படி மாறி மாறி. ஸ்பிரிங்குகள் அதை இறுக்கிப் பிடிக்கும். நாம லீவரைப் பிடிச்சா ஸ்பிரிங் விடும், தட்டு பிரியும். உராய்வுத் தட்டு தேஞ்சா ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தினாலும் பிடிமானம் இல்லாம வழுக்கும்.

திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்க்கச் சொன்னார். நீங்களும் பாருங்க, இதுலயே பாதிப் பேருக்குச் செலவில்லாம முடிஞ்சிடும். ஒண்ணு, லீவர் நுனியில 10 முதல் 20 மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா ஆடணும். ஆடாம விறைப்பா இருந்தா கிளட்ச் ஒயர் எப்பவும் தட்டை லேசாப் பிரிச்சே வச்சிருக்கும், புதுத் தட்டு போட்டாலும் வழுக்கும். அதை அட்ஜஸ்ட் பண்ண பத்து நிமிஷம் போதும். ரெண்டாவது, ஆயில். இந்த வண்டிகள்ல கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்குது. காருக்கு ஊத்துற ஆயில் சிலதுல வழுக்கலுக்குன்னே மருந்து சேர்த்திருப்பாங்க. காருக்கு அது நல்லது, நம்ம கிளட்சுக்கு ஆகாது. டப்பா மேல 'ஜேசோ எம்.ஏ' ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. விலை குறைவுன்னு கடைக்காரர் வேற எதையாவது நீட்டினா வேண்டாம்னு சொல்லுங்க.

எங்க வண்டியில ரெண்டும் சரியா இருந்தது. அதனால திறந்தோம்.

மத்தியானம் மாவு போட்டு முடிச்சிட்டு, வாசல்ல சாக்கு விரிச்சு, வண்டியை சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தினேன். வலது பக்கம் பூரா மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால தேய்ச்சுத் துடைச்சேன். ஒரு மண் துகள் உள்ள போனாலும் கெடுதல். இன்ஜினை ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, வெதுவெதுப்பா இருக்கும்போது அடியில இருக்கிற போல்ட்டைக் கழற்றி ஆயிலைப் பழைய பேசின்ல இறக்கினேன். சூடா இருந்தா கை வெந்துடும், ஆற விடுங்க. அப்புறம் கிளட்ச் ஒயரைத் தளர்த்திக் கழற்றி, கிக்கரையும், மறிக்கிற கால் கம்பியையும் எடுத்தாச்சு.

மூடி முழுக்கச் சின்னச் சின்னப் போல்ட். எட்டாம் நம்பர் டி ஸ்பேனர்ல கழலும். ஆனா எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நீளமானதைக் குட்டை இடத்துல போட்டு முறுக்கினா இன்ஜின் உடம்பே விரியும். அவர் ஒரு யோசனை சொன்னார்: அட்டைப் பெட்டி மூடியில இன்ஜின் மூடியோட வடிவத்தை வரைஞ்சு, புள்ளிக் கோலம் மாதிரி புள்ளி வச்சு, கழற்றின போல்ட்டை அந்தந்தப் புள்ளியிலேயே குத்தி வைக்கணும். புள்ளிக் கோலம் நமக்கா தெரியாது? இந்த ஒரு வேலையில எந்த மெக்கானிக்கையும் விட நாம சுத்தம்.

மூடி ஒட்டிக்கிட்டு இருக்கும். ஸ்குரூ டிரைவரை இடுக்குல விட்டு நெம்பக் கூடாது, ஓரம் சிதைஞ்சு ஆயில் ஒழுகும். துணி சுத்தின பூரிக்கட்டையால சுத்தி மெதுவாத் தட்டினேன், வந்துடுச்சு. இந்த நேரத்துக்குத் தெருவுல நாலு பேர் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. "ஆம்பளை இல்லாத வீடா இது?" ன்னு ஒரு பெரியம்மா. ஆம்பளை நாற்காலியில உட்கார்ந்து டார்ச் பிடிச்சிட்டிருந்தார்.

உள்ளே நாலு போல்ட், நாலு ஸ்பிரிங். குறுக்கும் மறுக்குமா, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தணும். ஒரே பக்கம் கழற்றினா தகடு சாயும், உடையும். அதுக்கு உள்ளே நடுவுல வண்டியைப் பொறுத்துப் பூட்டு நட்டோ, பூட்டு வளையமோ இருக்கும். அதுக்குத் தனிக் கருவி வேணும். பக்கத்துத் தெருவுல வண்டி வேலை தெரிஞ்ச தம்பிகிட்ட இரவல் வாங்கினேன். உளியும் சுத்தியும் வச்சு அடிக்கிறவங்க இருக்காங்க. அது பக்கமே போகாதீங்க.

அடுக்கை அப்படியே வெளியே எடுத்து, வரிசை மாறாம செய்தித்தாள் மேல வச்சு, போன்ல படம் எடுத்துக்கிட்டேன். கடையில வாங்கி வச்சிருந்த புதுத் தட்டைப் பக்கத்துல வச்சதும் கண்ணுக்கே தெரிஞ்சது. பழசு கறுத்து, பளபளன்னு, மெலிஞ்சு போயிருந்தது. ஸ்டீல் தட்டை நிலைக்கண்ணாடி மேல படுக்க வச்சு, அடியில வெளிச்சம் தெரியுதான்னு பார்த்தோம். வளைஞ்சிருந்தாலோ, சூட்டுல நீலம் பாய்ஞ்சிருந்தாலோ மாத்தணும். எங்களது நல்லா இருந்தது. நாலு ஸ்பிரிங்கையும் தரையில நிறுத்திப் பார்த்தோம், ஒரே உயரம். தட்டு உட்காருற கூடையோட பற்கள்ல பள்ளம் விழுந்திருக்கான்னு விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். வழவழன்னு இருந்தது. 3,200 ரூபாய்க்கு மாத்தணும்னு சொன்னது இதையெல்லாம் சேர்த்துத்தான்! நான் வாங்கினது உராய்வுத் தட்டு செட், மூடிக்கு கேஸ்கெட், ஆயில். மொத்தம் ஆயிரத்து நூத்துச் சொச்சம்.

புதுத் தட்டைக் காய்ஞ்சபடியே போடக் கூடாது. இன்ஜின் ஆயில்ல ஊற வைக்கணும். ஊற வைக்கிற வேலையும் நம்ம வேலைதானே, உளுந்துக்குப் பதிலா தட்டு. அது ஊறுற நேரத்துல மூடி ஓரத்துல ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை நகத்தாலயும் பிளாஸ்டிக் துண்டாலயும் சுரண்டினேன். முதுகு ஒடியற வேலை இது ஒண்ணுதான். அப்புறம் படத்தைப் பார்த்து அதே வரிசையில அடுக்கி, நாலு போல்ட்டையும் குறுக்கு மறுக்கா ரெண்டு மூணு சுத்துல இறுக்கினேன். ரொம்ப முறுக்கினா சின்னப் போல்ட் அறுந்துடும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஒரு கட்டத்துல எட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சு, "இவ்வளவுதான், போதும்" னு நிறுத்தினார். அந்த அளவு இப்ப என் கைக்குத் தெரியும். அது புத்தகத்துல வராது.

மூடியைப் போட்டு, வண்டிப் புத்தகத்துல சொன்ன அளவு ஆயில் ஊத்தி, லீவர் ஆட்டத்தைச் சரி பண்ணினேன். நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஒழுகுதான்னு பார்த்தேன். லீவரைப் பிடிச்சு முதல் கியர் போட்டா வண்டி இழுக்காம நிக்கணும், நின்னது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்ச கடைசிக் கட்டம், எட்டு மணிக்கு முடிஞ்சது. மறுநாள் காலையில அதே நாற்பது கிலோவோட பாலம் ஏறினேன். வழக்கமா வாங்குற ஒரு கடையும் தவறல, தவணையும் அந்த மாசம் தேதிக்குள்ள கட்டியாச்சு.

பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்திடாதீங்க. நம்ம ஊர் வாய்க்கால் எல்லாம் கடைசியில கடலுக்குத்தான் போகுது, மீன் விக்கிற அக்காக்கள் இங்கேயே இருக்காங்க. டப்பாவுல அடைச்சுப் பழைய ஆயில் எடுக்கிற வொர்க் ஷாப்புல கொடுத்துடுங்க.

ஸ்கூட்டி, ஆக்டிவா வச்சிருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு வீட்டுல திறந்துடாதீங்க. அதுல கிளட்ச் வேற மாதிரி, பெல்ட்டோட சேர்ந்து, ஆயில் இல்லாம இருக்கும். பெரிய ஸ்பிரிங் அழுத்தத்துல உட்கார்ந்திருக்கும், கருவி இல்லாமக் கழற்றினா முகத்துல தெறிக்கும். அதை வொர்க் ஷாப்புக்கே கொண்டு போங்க. 1980ல வந்த டிவிஎஸ் 50 காலத்துல இருந்து மொபெட்டுக்குக் கிளட்ச் லீவரே கிடையாது, வேகத்துல தானாப் பிடிக்கும். அதுவும் வேற கதை. நான் சொன்னது ஸ்பிளெண்டர் மாதிரி கியர் வண்டிக்கு மட்டும். ஸ்பிளெண்டர் 1994ல இருந்து ஓடுறதால அதுக்கு உதிரிபாகம் எந்த ஊர் மூலையிலும் கிடைக்குது. வாரண்டி முடியாத புது வண்டியையும் தொடாதீங்க.

இப்ப கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். 1992ல நபார்டு 500 குழுக்களோட வங்கி இணைப்பை ஆரம்பிச்ச நாள் முதல் நாம கடன் வாங்கக் கத்துக்கிட்டோம், கட்டவும் கத்துக்கிட்டோம். பொருள் வாங்கக் கடன் தர்றோம். அந்தப் பொருள் பழுதானா என்ன செய்யறதுன்னு நம்ம தீர்மான நோட்டுல ஒரு வரி கூட இல்ல. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுறோமே, அது மாதிரி ஒரு கருவிப் பெட்டி வாங்கி அலுவலகத்துல வைக்கலாம். டி ஸ்பேனர் செட், ரிங் ஸ்பேனர் செட், கிளட்ச் நடு நட்டுக் கருவி, ஒரு நல்ல டார்ச். கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போய், துடைச்சுத் திருப்பி வைக்கணும். நாள் வாடகை பத்து ரூபா வச்சாலும் போதும். பெட்டியைப் பார்த்துக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துல இதைத் தீர்மானத்துக்கு வைக்கணும்னு கேட்டுக்கிறேன்.

பழைய தட்டும், கடையில கேட்டு வாங்கிட்டு வந்த புதுத் தட்டு ஒண்ணும் அந்த ஓர மேசையில வச்சிருக்கேன். சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டையும் தடவிப் பாருங்க. கையில கறுப்பு ஒட்டும், சோப்பும் தண்ணியும் பக்கத்துலயே இருக்கு.